முப்பத்திமூன்றுக்கு முப்பத்திமூன்று

“பதினேழு மூணு?”

மறுமுனையில் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். முத்துச்செல்வம் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி காத்திருக்கிறான்.

“அம்பத்தொண்ணு சார்.”

“ம். மொகத்தக் கழுவிட்டு உக்காரு. திரும்பப் படுத்தன்னா எனக்குத் தெரிஞ்சிரும்.”

அது எப்படித் தெரியும் என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்துகிறான். நாலே முக்காலுக்குத் தொடங்கினால் ஐந்தரைக்குள் பத்தாம் வகுப்பு முழுவதையும் எழுப்பிவிடுவான். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள் தொடங்கும் இந்த வேலை, பொதுத்தேர்வின் கடைசி நாளில்தான் முடியும். நடுவில் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் விலக்கில்லை. ‘எந்திச்சிட்டியா’ என்று கேட்டால் படுத்தபடியே ‘எந்திச்சிட்டேன் சார்’ என்பார்கள். அதனால்தான் வாய்ப்பாடு. தூக்கத்தில் பொய் சொல்லலாம், பதினேழு மூணு சொல்ல முடியாது என்பது அவன் கட்சி.

வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அடுப்படியில் தேயிலையைக் கொதிக்கவிட்டு, இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பவள் அவனுடைய அக்கா முருகம்மாள். தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கணவன் இறந்தபின் தம்பியோடு இருக்கிறாள். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அவள் வெட்டிய துணி கால் இஞ்ச் கூடிப் போனதாகவோ குறைந்து போனதாகவோ மேலகரத்தில் பேச்சே இல்லை. அளவெடுக்கும்போது அவள் வாயும் சும்மா இருக்காது.

“எந் தம்பிகிட்ட படிச்சதுல மூணு பேரு இஞ்சினியரு, கைய நேரா வைங்க, ரெண்டு பேரு போலீசு, ஒருத்தன் மிலிட்டரி, மூச்ச இழுக்காதீங்க, பெறவு பிடிக்கும், ஒரு பிள்ள திருநெல்வேலியில நர்சு.”

எத்தனை பேர் என்று எழுதி வைத்திருக்கிறாளா என்று கேட்டால், அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவாள். எழுதித்தான் வைத்திருக்கிறாள்.

எழுப்புகிற வேலைக்கென்று முத்துச்செல்வம் ஒரு பழைய பட்டன் போன் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்து வருகைப்பதிவுக்கும், வந்து குவிகிற சுற்றறிக்கைகளுக்கும் இன்னொரு தொடுதிரை போன் உண்டு. அதைத் தேய்க்க வேண்டியிருப்பதால் இந்த வேலைக்கு ஆகாது என்கிறான். எண் தன் தலையில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது என்பான். ஒரு தாளும் பார்க்காமல் வருகைப்பதிவு வரிசைப்படி ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டே போவான். பிள்ளைகள் மாறும் ஒவ்வொரு ஆண்டும் புதிய எண்களை அந்த விரல் ஒரு வாரத்தில் படித்துக்கொள்ளும். “மண்டையாலே அது, டெலிபோன் எக்சேஞ்சு” என்பாள் அக்கா.

எழுப்புவதில் வேடிக்கைக்கும் குறைவிருக்காது. முகம்மது மீரான் என்றொரு பையன் முந்திக்கொண்டு அவனே கூப்பிட்டு, “சார், நீங்க எந்திச்சாச்சா?” என்று கேட்பான். பாண்டிராஜ் வீட்டில் போனை எடுப்பது போலீஸ்காரரான அவன் அப்பா.

“பதினாலு ஏழு?”

“தொண்ணூத்தெட்டு சார்.”

“அண்ணாச்சி, நீங்க பாஸு. அவன எழுப்புங்க.”

பகலில் முத்துச்செல்வத்தைப் பார்க்கிறவர்கள் இவன்தான் அவன் என்று நம்ப மாட்டார்கள். அதிகம் பேசமாட்டான். முப்பத்தொன்பது வயதில் சட்டைப்பையில் பேனாவோடு ஒரு சாக்பீஸ் துண்டும் கிடக்கும். துவைக்கப் போடுமுன் அதை எடுக்க மறப்பான். அக்கா சட்டையை உதறிவிட்டு வைவாள். செங்கோட்டை தாண்டிக் கேரளா போகிற சாலையில், புளியறைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது அவன் வேலை பார்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. சோதனைச்சாவடிக்கு வரிசை கட்டி நிற்கிற லாரிகளைத் தாண்டிப் பைக்கில் போகும்போது, ஒவ்வொரு வண்டி எண்ணையும் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பான். வகுபடாத எண்ணோடு ஒரு வண்டி கிடைத்தால் அன்று வகுப்புக்குள் நுழையும்போதே அவன் முகம் தெளிவாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

“ஸ்டெப்புக்கு மார்க் உண்டு” என்பது அவன் அடிக்கடி சொல்கிற வார்த்தை. விடை தவறினாலும் வழி சரியென்றால் பாதி மதிப்பெண் வரும், ஆகவே எதையும் வெறுமனே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது பொருள். அக்கா வைத்த குழம்பில் உப்புக் கூடினாலும் அதையேதான் சொல்வான். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் பைக்கைத் துடைக்கப் போய்விடுவான்.

பட்டியலில் பன்னிரண்டாவது வீடு காளீஸ்வரியின் வீடு. அவள் அம்மா தங்கத்தாய், புளியறைச் சாலையோரத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடை ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறாள். அப்பா கேரளத்தில் சுமை தூக்கப் போனவர். மாதத்துக்கு ஒருமுறை வருவார், வராமலும் இருப்பார். எட்டிலும் ஒன்பதிலும் பாதி நாள் அம்மாவோடு கடையில் நின்றவள் காளீஸ்வரி. பத்தாவதுக்கு வந்தபோது ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் தெரியாது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஒன்பது மதிப்பெண்.

முதல் வாரம் அவளிடம் “மூணு மூணு?” என்று கேட்டான் முத்துச்செல்வம். அடுத்த வாரம் “ஆறு எட்டு?” மார்கழி பிறந்தபோது பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாளும் அவளை இரண்டு முறை கூப்பிட நேர்ந்ததில்லை. முதல் மணியிலேயே எடுத்து, குரலைத் தாழ்த்தி, அம்மா எழுந்துவிடாதபடி பதில் சொல்வாள். அடுப்படியில் நிற்கும் முருகம்மாளுக்கு முப்பத்திநான்கு குரல்களில் அந்த ஒரு குரல் மட்டும் தனியாக அடையாளம் தெரியும். “ஏலே, இந்தப் பிள்ள பாத்ரூம்ல நின்னு பேசுது போல” என்பாள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், முத்துச்செல்வம் அதே மேஜையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். முருகம்மாள் பக்கத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதுவதை எட்டிப் பார்த்து வாசிப்பது அவள் வழக்கம்.

‘என் மகள் காளீஸ்வரி, குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தொடர்ந்து பள்ளிக்கு வர இயலாததால், அவளுடைய மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கத்தாய்.’

“ஏலே, ஒனக்கு எப்பம்லே மக பெறந்தா?”

அவன் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியை நிர்மலாதேவி மத்தியானம் கூப்பிட்டுப் பேசியதைச் சொன்னான். அந்த அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குச் செருப்புக்கூட வாங்கிக் கொடுப்பவர். போன ஆண்டு முப்பத்தாறு பேரில் ஒரே ஒரு பையன் தவறினான். அந்த ஒருவனுக்காக ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேர் சொல்லிக் கேட்டார்கள். இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வைப் பார்த்தால் மற்றவர்களெல்லாம் எப்படியும் கரையேறிவிடுவார்கள். காளீஸ்வரிக்குத்தான் கணக்கு இடிக்கிறது. தேர்வு எழுதுவோர் பட்டியலில் திருத்தம் செய்ய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ‘நான் போய்ச் சொன்னா ஆபீஸ் சொல்லுதாப்ல இருக்கும் சார், நீங்க சொன்னா வாத்தியாரு சொல்லுதாப்ல இருக்கும்’ என்றாராம்.

“பிள்ளைக்கு என்ன சொல்லப் போற?”

“இப்பம் எழுதி ஃபெயிலாயிட்டான்னா மனசு விட்டுருவா. ஜூலையில தனியா எழுதட்டும். ஞாயித்துக்கிழம தோறும் நானே போயிச் சொல்லிக் குடுக்கேன்.”

“அப்ப நல்லதுக்குத்தான சொல்லுத?”

அவன் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. முருகம்மாளுக்கு அன்று தோன்றியதெல்லாம் தம்பியின் பெயர்தான். பதினான்கு ஆண்டாக விடியுமுன் எழுந்து ஊரை எழுப்புகிறவன். ஒரு கூட்டத்தில் அவன் பள்ளியின் பெயரைச் சொல்லி யாரோ கேள்வி கேட்பதா?

“ஒத்தப் பிள்ளையால ஒம் பேரு கெடணுமாக்கும்? எழுது” என்றாள். பிறகு கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தாள். “தேதி போடலியே.”

அவன் தேதி போட்டான்.

மறுநாள் தங்கத்தாய் கடையில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளாம். ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்’ என்று சொல்லி, அவன் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு ஆம்லேட் போட்டுக் கொடுத்தாளாம். காளீஸ்வரி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

முத்துச்செல்வம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிக் கொடுத்தான். மூன்றாவது ஞாயிறு திருப்புதல் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டன. அதன்பின் சிறப்பு வகுப்பு, மாதிரித் தேர்வு, செய்முறைத் தேர்வு. போகவில்லை. விடியற்காலைப் பட்டியலில் பதினொன்றுக்கு அடுத்து பதிமூன்றாவது எண்ணுக்குத் தாவக் கட்டைவிரல் பழகிக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும், பிறகு தாவும். அடுப்படியிலிருந்தே அது முருகம்மாளுக்குக் கேட்கும்.

ஏப்ரலில் கணக்குத் தேர்வு வந்தது. அன்று, தேர்வு தனக்குத்தான் என்பதுபோல, அவன் நான்கு மணிக்கே எழுந்துவிட்டான். டீயை வைத்தது வைத்தபடியே இருக்க, கண்ணை மூடிக்கொண்டு அழுத்த ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். அன்றைக்குத் தூங்குகிறவர் யார்? ஒன்பது, பத்து, பதினொன்று. விரல் நிற்கவில்லை.

“பதிமூணு பதிமூணு?”

“நூத்தியறுபத்தொம்பது சார்.”

தாழ்ந்த குரல். அடுப்படியில் முருகம்மாள் கையிலிருந்த வடிகட்டி அப்படியே நின்றது.

“குட். தண்ணி குடிச்சுட்டுப் போ. ஹால் டிக்கெட்ட மொதல்லயே எடுத்துப் பையில...”

“சார்.”

“ம்?”

“எனக்குப் பரீட்ச இல்லியே சார்.”

ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது. ஒரு லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போயிற்று. முத்துச்செல்வம் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தான்.

“ஆமாம்மா” என்றான். பிறகு, “இன்னும் இந்நேரத்துக்கு எந்திக்கியா?” என்றான்.

“ஆமா சார். முழிப்பு வந்திருது.”

மீதி இருபத்திரண்டு பேரையும் அன்று எழுப்பத்தான் செய்தான். ஆனால் வாய்ப்பாடு கேட்கவில்லை. ‘எந்திச்சாச்சா, சரி, எந்திச்சாச்சா, சரி’ என்று வைத்துக்கொண்டே போனான்.

டீயை மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள் முருகம்மாள்.

“முத்து, அந்தப் பிள்ள அரையாண்டுல எத்தன எடுத்தா?”

“இருவத்திமூணு.”

“அதுக்கு முன்ன?”

“ஒம்போது.”

அவள் முன்னறைக்குப் போனாள். வெட்டும் மேஜையில் ஒரு கருநீல ஜாக்கெட் துணி விரித்துக் கிடந்தது. தையல் சாக்பீஸை எடுத்துத் துணியின் ஓரத்தில் எழுதினாள். ஒன்பது. பக்கத்தில் இருபத்திமூன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம், பதினான்கு. அரையாண்டுக்கும் இன்றைக்கும் நடுவில் மூன்று மாதத்துக்கு மேல். அதே பதினான்கைக் கூட்டினாள். முப்பத்தேழு வந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும்.

எட்டாவதோடு நின்றவளுக்கு ஒரு நிமிடத்தில் வந்த கணக்கு. தப்பாக இருக்குமோ என்று இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தினால் வாசல்நிலையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். துணியிலிருந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கையால் அதைத் தேய்த்து அழித்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்கா” என்றான் அவன். தலையைக்கூடச் சீவாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தேர்வு மையத்துக்குக் கிளம்பிவிட்டான்.

மே மாதம் முடிவு வந்தது. முப்பத்திமூன்று பேர் எழுதினார்கள், முப்பத்திமூன்று பேரும் தேர்ச்சி. பாண்டிராஜின் அப்பா சீருடையோடு வந்து வீட்டு வாசலில் லட்டு டப்பாவை நீட்டினார். “எனக்கும் சேத்துதான் நீங்க சொல்லிக்குடுத்தீங்க சார், எனக்கும் மார்க் ஷீட்டு வரும்லா?” என்று சொல்லிச் சிரித்தார். முத்துச்செல்வமும் சிரித்தான். முருகம்மாள் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையும் சேர்க்கவில்லை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்துத் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். சாரல் கட்டிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. முருகம்மாள் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பட்டுச்சேலை நனையாமல் ஒரு ரெயின்கோட்டைப் போர்த்திக்கொண்டு போனாள். நான்காவது வரிசையில் இடம் கிடைத்தது.

விழா நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் அம்மா அப்பாவோடு மேடையேறினார்கள். ஓடுவதில் மாநில அளவில் ஜெயித்து வந்த ஒரு பெண் மேடைப்படியில் இடறி விழப்போய்ச் சமாளித்தபோது கூட்டமே சிரித்துக் கைதட்டியது. ராயகிரிப் பக்கத்துப் பள்ளியில் காலை உணவு சமைக்கும் மூன்று பெண்களை ஒன்றாக நிறுத்திச் சால்வை போட்டார்கள். கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தூய்மைப் பணியாளர், போர்த்திய சால்வையை மேடையிலேயே எடுத்து நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். முருகம்மாள் கை வலிக்கத் தட்டினாள்.

பிறகு நூறு சதவீதத் தேர்ச்சி தந்த பள்ளிகள். நிர்மலாதேவி முன்னால் போக, முத்துச்செல்வம் பின்னால் போனான். ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியர் நல்ல தமிழில் வாசித்தார்: “பின்தங்கிய பகுதி, எளிய குடும்பத்துப் பிள்ளைகள். ஆனாலும் தேர்வெழுதியோர் முப்பத்திமூவர், தேர்ச்சி பெற்றோர் முப்பத்திமூவர். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடாத பள்ளி இது.”

கைதட்டல் எழுந்தது. பதினான்கு ஆண்டாக முருகம்மாள் காத்திருந்த நிமிடம் அது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, “ஒங்க தம்பியா? கொடுத்து வச்சவுக” என்றாள். முருகம்மாள் தலையாட்டினாள். தட்டுவதற்காக உயர்த்திய கை மடிக்கே திரும்பிவிட்டது. மேடையில் தம்பி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டோக்காரர் ‘சார், இங்கன பாருங்க, சார், சிரிங்க’ என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கீழே வந்தவன் இருக்கையில் உட்காரவில்லை. கேடயத்தைத் தலைமை ஆசிரியையிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

“வாக்கா. புளியறை வர போயிட்டு வருவோம்.”

என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. ரெயின்கோட்டைப் போர்த்திக்கொண்டு ஏறினாள். செங்கோட்டை வரை மழை தூறிக்கொண்டே வந்தது. வழியில் ஒரே ஒரு முறை பேசினான். துணைத்தேர்வுக்குப் பேர் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருப்பதாகவும், விண்ணப்பம் முழுவதையும் நிரப்பிவிட்டதாகவும், காளீஸ்வரியின் கையெழுத்து மட்டும் பாக்கி என்றும் சொன்னான். லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றின் எண்களை அவன் பார்க்கவில்லை.

கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. தங்கத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“வாங்க சார். எக்கா, நீங்களும் வாங்க. நனைஞ்சுட்டீகளே. ஏட்டி காளீ, யாரு வந்திருக்காவன்னு பாரு.”

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முத்துச்செல்வம் சட்டைக்குள்ளிருந்து பாலித்தீன் உறையை எடுத்து, விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க உப்புக்கிண்ணத்தை அதன்மேல் வைத்தான். காளீஸ்வரி துப்பட்டாவில் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தாள். முருகம்மாள் அவளை அன்றுதான் நேரில் பார்க்கிறாள். குரலை வைத்து அவள் மனதில் கற்பனை செய்திருந்த பெண்ணைவிடச் சின்னவளாக இருந்தாள். முழங்கை வரை சவுக்கார நுரை.

“சார், பேப்பர்ல நம்ம ஸ்கூலப் போட்டிருந்தாவ, பாத்தீகளா?” என்றாள். முகமெல்லாம் மலர்ச்சி. “கடைக்கு வாற லாரிக்கார அண்ணாச்சிமாரு எல்லார்ட்டயும் காட்டினேன். இது எங்க ஸ்கூலு, முப்பத்திமூணுக்கு முப்பத்திமூணுன்னு.”

“காளீஸ்வரி, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. ஜூலையில பரீட்ச. நான் டெய்லி வாரேன். ஞாயித்துக்கிழம மட்டுமில்ல, டெய்லி.”

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

தங்கத்தாய்தான் சொன்னாள். “வார திங்கக்கிழம மில்லு வேன் வருது சார். ராஜபாளையம் பக்கம். அவ அப்பா பேசி முடிச்சிட்டாவ. அங்கனயே ஹாஸ்டலு, சாப்பாடு. சேந்த ஒடனே லீவெல்லாம் தரமாட்டாவளாம்.”

“நான் அவர்ட்ட பேசுதேன்.”

“போன மாசம் நீங்க வந்து பேசிருந்தா கேட்டிருப்பாரு சார்.” அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். “நீங்க பரீட்ச வேலையில இருந்தீக. நாங்க எப்படிக் கூப்பிட?”

முருகம்மாள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ‘தேதி போடலியே’ என்று சொன்ன வாய் அது. மூடிக்கொண்டாள்.

காளீஸ்வரி விண்ணப்பத்தில் தன் பெயரை மெல்ல வாசித்தாள். முகவரி, பிறந்த தேதி, பாடங்கள் எல்லாம் அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. ஓரத்தில் பட்ட நுரையை விரலால் பதமாக ஒற்றி எடுத்தாள். தாளை உறைக்குள் போட்டு அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

“வெசனப்படாதீங்க சார்” என்றாள். “நா எழுதிருந்தா நூறு வந்திருக்காதுல்லா? நம்ம ஸ்கூலு பேரு பேப்பர்ல வந்திருக்காதுல்லா?”

தங்கத்தாய் டீ போட உள்ளே போனாள். மழை தகரத்தில் கொஞ்சம் வேகமாக விழத் தொடங்கியது. பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக அந்தப் பெண் திரும்பினாள். அப்போது முத்துச்செல்வம் பெஞ்சிலிருந்து எழுந்தான். மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவில், அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு முன்னால், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

“உக்காருங்க சார்” என்றாள் காளீஸ்வரி.

அவன் உட்காரவில்லை.